முழங்கால் வள்ளல்

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். ஐயா, தாங்கள் முழங்காலுக்கு லிஃப்ட் ஈந்தீர்கள், அதுவும் முதல் மாடிக்கு! ஏழு வள்ளல்களோடு கணக்கை முடித்த புலவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

தெருமுனைப் பால் பூத்துக்கு ஸ்கூட்டர். கோயிலில் பிரகாரம் சுற்றும் பொறுப்பு பேரப்பிள்ளைகளுக்கு. தங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. சோபாவைவிட்டு எழும்போதுகூட இரு கையையும் ஊன்றி, தொடைக்குத் துளி வேலையும் வைக்காத அந்தப் பெருந்தன்மையைச் சொல்லி மாளாது.

பாவம், அந்தத் தொடையும் எத்தனை காலம்தான் உழைக்கும்! அதன் முன்பக்கத்து நான்கு தசைகளும் ஒன்றுகூடி, முழங்கால் சில்லைப் பற்றிக்கொண்டு, கீழ்க்கால் எலும்பில் போய் முடிகின்றன. படியிறங்கும்போது உடம்பின் பாரம் தடாலென்று மூட்டில் விழாமல் தாங்கி இறக்குவது அவைதான். தாங்கள் அவற்றுக்கு விடுதலை அளித்தீர்கள். ஐம்பதைத் தாண்டினால் தசை ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் தானாகவே கரையும். அந்த ஆமை வேகம் தங்களுக்குப் பொறுக்கவில்லை. இப்போது பேன்ட்டில் தொடைப்பக்கம் மிச்சமாகும் துணியைத் தையல்காரர் இடுப்பில் சேர்த்துவிடுகிறார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைவதாக 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை ஏறுமுகமாகப் போட்டுப் பார்க்கத் தங்களுக்குத்தான் தோன்றியது.

முழங்காலும் நன்றி மறக்கவில்லை, வீங்கியது. வீங்கிய மூட்டிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, தொடைத் தசையை முழு வலுவோடு சுருங்கவிடாமல் தடுத்துவிடும். வலிக்கிறதே என்று தாங்கள் உட்கார, உட்கார்ந்ததால் தசை இளைக்க, இளைத்ததால் மூட்டு மேலும் வலிக்க, ஆஹா, என்ன ஒற்றுமை! குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. நடையில் அமுங்கி விரிந்து, மூட்டுநீரிலிருந்துதான் அது சத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தங்கள் அன்பில் அதற்கு அந்தச் சிரமமும் இல்லை.

2024-ல் அமெரிக்கக் கதிரியக்க மாநாடு ஒன்றில் ஓர் ஆய்வு வாசித்தார்கள். பின்தொடைத் தசையோடு ஒப்பிட, முன்தொடைத் தசை பருத்திருந்தவர்கள் மூட்டு மாற்று அறுவைக்குப் போவது குறைவாம். ஆராய்ந்தது 134 பேரைத்தான்; அது காரணத்தை நிரூபிக்கவும் இல்லை. தாங்கள் நம்ப மறுத்தது நியாயமே. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சொன்ன தைலத்துக்கோ அந்த ஒருவரே தங்களுக்குப் போதுமான சான்று.

நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். காசில்லாத வைத்தியம் தங்கள் அந்தஸ்துக்கு எப்படிப் பொருந்தும்? அரசாங்கம்கூட 2017-ல் செயற்கை மூட்டுகளுக்கு விலை வரம்பு கட்டி, வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டு அப்போது 54,720 ரூபாய், வரி தனி என்று அறிவித்துத் தங்கள் வரவுக்காகக் காத்திருந்தது.

தைரியமாகப் போய் வாருங்கள். ஒரே ஒரு சங்கடம். அறுவை முடிந்து ஓரிரு நாளிலேயே பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே வந்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணச் சொல்வார். இத்தனை செலவழித்த பிறகுமா என்று அவரிடம் தாங்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.