வீட்டுப் பெண்ணை அவள் உடம்போடு மோதவிடுவது எப்படி?

வீட்டில் 15-லிருந்து 25 வயதுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். பசித்தால் சாப்பிடுகிறாள், படுத்தால் தூங்குகிறாள், கண்ணாடி முன்னால் நின்றால் தலையைச் சீவிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். இப்படியே விட்டால் என்ன ஆகும்? நிம்மதியாக இருந்துவிடுவாள். அந்த ஆபத்தைத் தடுக்க அத்தை, சித்தி, பெரியம்மா, மாமா, எதிர்வீட்டு ஆன்ட்டி என்று பலரும் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு வருகிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைத் தொகுத்து, இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம்.

தேவையான பொருட்கள்

எடை பார்க்கும் மெஷின் ஒன்று (ஹாலில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி). குடும்ப வாட்ஸப் குரூப் ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் தைத்த ஜாக்கெட் ஒன்று. ஒப்பிட்டுப் பேச ஒரு சித்தப்பா பெண். அக்கறை, வேண்டிய அளவு.

இந்த ஐந்தில் அக்கறையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அக்கறை இல்லாமல் சொன்னால் அது வசவு, அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அக்கறையோடு சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்டாக வேண்டும்.

படி 1: வாசலிலேயே ஆரம்பியுங்கள்

"வாம்மா" என்று சொல்வதற்கு முன்பே உடம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். "என்னடி, பொங்கலுக்குப் பார்த்ததுக்கு நல்லா பூசினாப்ல இருக்கே?" என்பது பாரம்பரியமான தொடக்கம். அடுத்த முறை வந்தால், "என்னடி இப்படித் துரும்பா இளைச்சுட்டே, ஹாஸ்டல்ல சோறே போடறதில்லையா?" இந்த இரண்டுக்கும் நடுவில், யாரும் எதுவும் சொல்லாத ஒரு எடை இருப்பதாக அவளுக்குத் தெரியவே கூடாது. வேலை கிடைத்ததா, பரீட்சை எப்படி எழுதினாள் என்பதையெல்லாம் காபி குடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திடீரென்று இளைத்து வந்தாள் என்றால் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். காய்ச்சலில் இளைத்தாளா, கவலையில் இளைத்தாளா, பட்டினி கிடந்து இளைத்தாளா என்றெல்லாம் விசாரிப்பது வேண்டாத வேலை. "இப்பதான் லட்சணமா இருக்கே, என்ன பண்றே, எனக்கும் சொல்லேன்" என்று நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள். பட்டினிக்குப் பாராட்டு கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மீதியை அவளே பார்த்துக்கொள்வாள்.

படி 2: பந்தியில் கவனம் செலுத்துங்கள்

கல்யாண மண்டபம். இரண்டாவது பந்தி. பாயச வாளியோடு பரிமாறுகிறவர் குனிகிறார், கரண்டி இலைக்கு மேலே வந்துவிட்டது. எதிர்வரிசையிலிருந்து நீங்கள் குரல் கொடுக்க வேண்டிய நேரம் இதுதான்: "அவளுக்கு வேண்டாம்ப்பா, டயட்ல இருக்கா!" பரிமாறுகிறவர் அவளைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், கரண்டியை வாளிக்குள் போட்டுக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்வார். பக்கத்து நாலு இலைக்காரர்களும் அவள் இலையை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, அவள் இலையை மூடும்போது, "ஒரு ஜாங்கிரி தின்னா ஒண்ணும் குண்டாயிட மாட்டே, இப்படியா வீணாக்கறது?" என்று நீங்களே கேளுங்கள். சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம் என்று ஆன பிறகு அவள் கூட்டத்தில் சாப்பிடுவதை விட்டுவிடுவாள். தனியாக, யாரும் பார்க்காதபோது சாப்பிடுவாள், அல்லது சாப்பிட்டேன் என்று சொல்லுவாள். இரண்டுமே முன்னேற்றம்தான்.

சாதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நல்ல பலன் தரும். ராத்திரி சாதம் சாப்பிட்டால் உடம்பு போடும், ஆனால் உருளைக்கிழங்கு குருமாவோடு நாலு சப்பாத்தி சாப்பிட்டால் அது டயட். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று குரூப்பில் காலை வணக்கத்தோடு அனுப்பலாம், பெயர் போடாமல். யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

படி 3: உடற்பயிற்சியைத் தண்டனையாக மாற்றுங்கள்

இதற்கு முன்தயாரிப்பு வேண்டும். சின்ன வயதில் அவள் நொண்டி ஆடினாள், கோ-கோ ஆடினாள், தெருவில் சைக்கிள் ஓட்டினாள். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, அவளும் எண்ணி எண்ணி ஓடவில்லை. ஆகவே வயதுக்கு வந்ததும், "பொம்பளப் புள்ளைக்கு இனிமே என்ன ஓட்டமும் ஆட்டமும்" என்று எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஏழெட்டு வருஷம் பொறுங்கள். பிறகு, "உடம்பை அசைக்கவே மாட்டேங்கறா" என்று வருத்தப்பட்டு, பணம் கட்டி ஜிம்முக்கு அனுப்புங்கள். ஓடியது சந்தோஷமாக இருந்த ஞாபகம் அதற்குள் அழிந்திருக்கும். இனி ஓட்டம் என்பது சாப்பிட்டதற்குக் கட்டும் அபராதம்.

அதன் பிறகு கணக்கு தானாகவே நடக்கும். மைசூர்பாகுக்கு இத்தனை நிமிஷம், பிரியாணிக்கு இத்தனை நிமிஷம். கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டால், நீங்கள் தூங்கும்போதும் அது அவளை அதட்டிக்கொண்டிருக்கும். தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று சொல்லிவையுங்கள். 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகப் பிடித்த விளம்பர எண் அது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சில மாதங்களில் பலன் தெரியும். காய்ச்சலோடு ஓடுவாள். காலில் வலி இருந்தாலும் ஓடுவாள். ஒருநாள் மழையால் போக முடியாவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள். தோழியின் பிறந்தநாளுக்குப் போகாமல் ஜிம்முக்குப் போவாள். உணவுக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர்கள் இவற்றையெல்லாம் நோயின் அறிகுறிகள் என்பார்கள். நீங்கள் "டெடிகேஷன்" என்று சொல்லுங்கள்.

பூங்காவில் எட்டுப் போட்டு நடக்கும் பெரியவர்கள் பக்கம் மட்டும் அவளை விடாதீர்கள். இரண்டு சுற்று நடப்பார்கள், பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள், கிளம்பும்போது வாசலில் மெதுவடை சாப்பிடுவார்கள். வடைக்கும் நடைக்கும் முடிச்சுப் போடத் தெரியாத அப்பாவிகள். பார்த்தால் கெட்டுப்போய்விடுவாள்.

படி 4: மனுஷியை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

உயரத்துக்கேற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ என்ற கணக்குக்கு 1830-களில் விதை போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்டலே. அவர் டாக்டர் இல்லை. புள்ளியியல் அறிஞர், வானியலாளர், பிரஸ்ஸல்ஸில் வானாய்வுக்கூடம் அமைத்தவர். ஜாதகத்துக்கும் நட்சத்திரம் பார்க்கிறோம், எடைக்கும் நட்சத்திரம் பார்த்தவர் கணக்கையே பார்க்கிறோம் என்றால் பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது. அவர் தேடியது ஒரு ஜனத்தொகையின் சராசரியை, உங்கள் வீட்டுப் பெண்ணின் ஆரோக்கியத்தை அல்ல. டாக்டர் அந்த எண்ணை ரத்தப் பரிசோதனை, நாடித்துடிப்பு, மாதவிடாய் விவரம் இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். நீங்கள் அதை மட்டும் தனியாகப் பாருங்கள், தினமும் பாருங்கள்.

1972-ல் அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரை வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ். இதே கீஸ் 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேலையும் செய்தார். மனசாட்சிக் காரணத்தால் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். வாரம் தவறாமல் நடக்கவும் வைத்தார். உடம்பிலும் மனதிலும் திடமானவர்கள் என்று பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நாள் பூராவும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிவிட்டது. சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். எப்போதும் குளிரெடுத்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். மறுபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் பலருக்குப் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காயிற்று.

இந்தக் கதையை வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணும் சமையல் வீடியோவாகப் பார்க்கிறாள், ஆனால் சாப்பிடுவதில்லை, தொட்டதற்கெல்லாம் சிடுசிடுக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் திமிர் என்றே இருக்கட்டும். பசி என்று தெரிந்தால் சோறு போட வேண்டியிருக்கும்.

படி 5: மாதவிடாய் நின்றால் கண்டுகொள்ளாதீர்கள்

வேலைக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் கைவைப்பது மாதவிடாய் போன்ற செலவுகளில்தான். அதோடு எலும்பும் தேயும். எலும்பு முழு வலுவைச் சேர்த்துக்கொள்வது இருபதுகள் வரைதான், அதில் விழும் பள்ளத்தைப் பிற்பாடு முழுசாகத் தூர்ப்பது கடினம். விளையாட்டுக்காரர்களுக்கு வரும் இந்த நிலைமைக்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. பதக்கம் வாங்குகிறவர்களுக்கே இதுதான் கதி. ஆனால் நீங்கள், "கல்யாணத் தேதிக்கு வசதியாப் போச்சு" என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். டாக்டரிடம் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

படி 6: மீதியை ஃபோனிடம் விடுங்கள்

ஃபிஜித் தீவில், "நல்லா உடம்பு போட்டிருக்கே" என்பது பாராட்டாக இருந்தது. 1995-ல் அங்கே ஒரு பகுதி ஊர்களுக்கு டிவி வந்தது. மூன்று வருஷம் கழித்து ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, உணவுக் கோளாறு அறிகுறிகள் முன்பைவிடக் கூடியிருந்தன. டிவியில் வரும் பெண்களைப் போல ஆக வேண்டும் என்று பல சிறுமிகள் சொன்னார்கள். அதற்கு மூன்று வருஷம் பிடித்தது. இப்போது ரீல்ஸ் இருக்கிறது, வேலை சீக்கிரம் முடியும்.

நம் ஊர் மட்டும் விதிவிலக்கு என்று யாராவது ஆரம்பித்தால் ஆமோதியுங்கள். உப்பி வந்த மெத்தென்ற இட்லிக்கு ஆசையாக ஒரு நடிகையின் பெயரை வைத்து, குஷ்பு இட்லி என்று விற்ற தமிழ்நாடுதான் இது. இட்லி இன்னும் அதே பருமனில்தான் இருக்கிறது. கதாநாயகிகள்தான் அந்தப் பக்கம் வருவதில்லை.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

கேள்வி: அவள் ஒல்லியாகவே இல்லையே, அவளுக்கு எப்படி உணவுக் கோளாறு வரும்?

பதில்: இந்த நம்பிக்கையை விடாதீர்கள். உணவுக் கோளாறு எந்த உடல்வாகிலும் வரும், பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் எலும்பும் தோலும் தெரியட்டும் என்று காத்திருக்கும் வரை அவளுக்கு உதவி கிடைக்காது.

கேள்வி: பிடிவாதம்தானே? இரண்டு அதட்டல் போட்டால் சரியாகாதா?

பதில்: அதட்டிப் பாருங்கள். 1873-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று இதில் ஒரு வகைக்குப் பெயர் சூட்டினார். அது முதல் எந்த அத்தையின் அதட்டலுக்கும் இது அடங்கியதாகத் தகவல் இல்லை. மனநோய்களில் உயிரைக் குடிப்பதில் முன்வரிசையில் நிற்பது இது.

கேள்வி: கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா?

பதில்: கட்டாயம். புகுந்த வீட்டில் கருத்துச் சொல்ல இன்னும் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

முயற்சி வீணாகும் சந்தர்ப்பங்கள்

இவ்வளவு பாடுபட்டும் சில வீடுகளில் பலிப்பதில்லை. விசாரித்தால் பின்னணியில் இந்த ஆசாமிகள் இருப்பார்கள்.

முதல் ஆள், தையல்காரர். இரண்டு வருஷத்து ஜாக்கெட் பிடிக்கிறது என்று அவள் கண் கலங்கி நிற்பாள். அவர் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி, தையலுக்கு அப்பால் மடிந்து கிடக்கும் துணியை விரலால் நீவிக் காட்டி, "ரெண்டு பக்கமும் விட்டுத்தான்மா தைச்சிருக்கேன், பிரிச்சு விட்டா சரியாயிடும், சாயங்காலம் வா" என்பார். உடம்பு மாறும் என்று முன்பே தெரிந்துவைத்திருக்கிற மனிதர். உடம்பை விட்டுவிட்டுத் துணியைத் திருத்துகிறவரோடு போட்டி போட முடியாது.

இரண்டாம் ஆள், மகளோடு உட்கார்ந்து தானும் வயிறாரச் சாப்பிடும் அம்மா. தன் உடம்பைத் தானே திட்டிக்கொள்ளாதவள். "இன்னும் கொஞ்சம்" என்றும் சொல்வதில்லை, "போதுமே" என்றும் சொல்வதில்லை. சீரியல் கதை பேசிக்கொண்டே சாப்பாடு முடிந்துவிடும்.

மூன்றாவது, வந்தவுடன் "சாப்பிட்டியா, தூங்கினியா, பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்று கேட்டு, இல்லை என்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் கோச். அவரிடம் எடை மெஷின் இருக்காது. எத்தனை நாள் ஓய்வெடுத்தாய் என்றும் கேட்பார்.

நான்காவது, "வாடி, ஷட்டில் ஆடலாம்" என்று மட்டையோடு வந்து நிற்கும் தோழி. பாயின்ட் எண்ணுவாள், வேறெதையும் எண்ணமாட்டாள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவள் கட்சிதான். நடனமும் விளையாட்டும் வீட்டுவேலையும் உடலசைவில் சேர்த்தி என்கிறது. சாப்பிட்டதற்குப் பரிகாரமாக ஓடு என்று அதில் எங்கும் இல்லை.

ஐந்தாவது மிகவும் ஆபத்தானது: மனநல மருத்துவர், பொது மருத்துவர், உணவு ஆலோசகர் மூவரும் கூடிப் பேசும் இடம். அங்கே முதலில் உடம்பு தேறட்டும் என்று உடற்பயிற்சியையே சில காலம் நிறுத்தச் சொல்லக்கூடும். பிறகு எப்போது, எவ்வளவு, எப்படி என்று அவர்கள் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவாள். கோளாறிலிருந்து மீண்டவர்கள் ஏராளம்.

ஆகவே கடைசி எச்சரிக்கை. 14416 என்ற டெலி மானஸ் எண் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தப்பித் தவறி நீங்களும் அதற்குப் பேசிவிடாதீர்கள். வீட்டுக்காரர்கள் பேசினாலும் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் எடைக்குப் போடுவதற்கு இந்தக் கையேடு ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் பழைய பேப்பர்காரர் தராசில்.