பெட்டிச் சாவி

ஒருவருக்கு ஏற்கெனவே இரண்டு பதவி. மூன்றாவதும் வேண்டும் என்கிறார். வயது 24. திருச்சபைச் சட்டப்படி முதல் பதவிக்கே வயது பத்தாது. இந்த இக்கட்டுக்கு நம்மூர்க்காரர்கள் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. 1514இலேயே ஜெர்மனியில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: காசைக் கட்டு, சட்டம் தானே வளையும்.

அந்தப் புண்ணியவான் பெயர் ஆல்பிரெக்ட். பிராண்டன்பர்க் அரச குடும்பத்துப் பிள்ளை. மக்டபர்க் பேராயர், ஹால்பர்ஸ்டாட் மறைமாவட்ட நிர்வாகி. இப்போது மைன்ஸ் பேராயர் நாற்காலியும் தேவைப்பட்டது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் மைன்ஸ் பேராயரும் ஒருவர்; அந்த ஓட்டுக்கு என்ன விலை போகும் என்பது குடும்பத்துக்குத் தெரியும். ரோமில் இருந்தவரோ போப்பாண்டவர் பத்தாம் லியோ. 13 வயதிலேயே கர்தினால் ஆக்கப்பட்டவர். சின்னப் பையன் பெரிய பதவி கேட்கிறான் என்று அவரா கோபப்படுவார்? வழக்கமான கட்டணம் போக, விதிவிலக்குக்குத் தனியாக 10,000 டுகாட் பேசி முடித்தார்கள். இதைப் பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர், ஆகவே 12,000 கொடு என்றது ரோம். தலையான பாவங்கள் ஏழு, ஆகவே 7,000 என்றது எதிர்த்தரப்பு. பத்துக் கட்டளைகளை நடுவில் வைத்து 10,000க்குப் பேரம் படிந்தது. கதை பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த மொத்த விவகாரத்தில் பத்துக் கட்டளைகளுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது என்றால், இந்தக் கதையில் மட்டும்தான்.

பேராயரிடம் அவ்வளவு ரொக்கம் ஏது? அவுக்ஸ்புர்க் நகரத்து வட்டிக்கடை முதலாளி யாக்கோப் ஃபுக்கர் கொடுத்தார். கடனை அடைக்க ரோமே வழி சொன்னது. உன் எல்லைக்குள் எட்டு வருஷம் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொள். வசூலில் பாதி புனித பேதுரு கோயில் கட்ட எனக்கு, மீதிப் பாதி உன் கடனுக்கு. கோயில் திருப்பணிக்கு என்ற பாதியை மேடையில் சொன்னார்கள். வட்டிக்காரன் பாதியைச் சொல்லவில்லை.

விற்பனைக்கு வந்தவர் யோஹான் டெட்சல், தொமினிக் சபைத் துறவி. ஊருக்குள் நுழையும்போது கோயில் மணிகள் அடிக்கும். குருக்கள், நகர சபையார், மெழுகுத்திரி ஏந்திய ஜனங்கள் எதிர்கொண்டு அழைப்பார்கள். போப்பாண்டவரின் ஆணை பட்டு மெத்தையில் பவனி வரும். கோயில் நடுவே சிலுவை நட்டு, அதில் போப்பாண்டவரின் சின்னம் பொறித்த கொடியைக் கட்டுவார்கள். அந்தச் சின்னத்தில் இரண்டு சாவிகள், மோட்சத்தின் சாவிகள். அதன் கீழே இரும்புப்பெட்டி. பெட்டியின் சாவி மட்டும் ஃபுக்கர் கடைக் கணக்கன் கையில். அவன் வராமல் பெட்டி திறக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது நம் பழமொழி. அங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார். வட்டிக்காரன்தான் எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

விலைப்பட்டியலில் நியாயம் உண்டு, மறுக்கக் கூடாது. அரசர்களுக்கும் ஆயர்களுக்கும் 25 கில்டர். வியாபாரிக்கு மூன்று. கைத்தொழில் செய்பவனுக்கு ஒன்று. ஒன்றுமே இல்லாதவன் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும். பட்டினி அவனுக்குப் புதிதா என்ன? செத்துப்போன அப்பன் ஆத்தாளுக்கும் சீட்டு வாங்கலாம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பில் வேகிற ஆன்மாக்கள் வரை இந்தச் சலுகை செல்லும் என்று நான்காம் சிக்ஸ்துஸ் 1476இலேயே நீட்டிவைத்திருந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை இவ்வளவு அட்சரசுத்தமாக வேறு யாரும் செய்து காட்டியதில்லை.

ரோமில் என்ன தட்டுப்பாடு? கொச்சியிலிருந்து போர்ச்சுகல் வழியாக 1514இல் போன ஒரு வெள்ளை யானை போப்பாண்டவரின் செல்லப்பிள்ளை. அதற்கு உடம்பு சரியில்லாதபோது தங்கம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள். 1516இல் செத்துப்போனது. ரஃபேல் அதற்கு நினைவுச் சித்திரம் தீட்டினார். யானையின் வயிற்றைக் கழுவத் தங்கம். கோயில் கட்டக் கைத்தொழிலாளியின் ஒரு கில்டர்.

சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக் டெட்சலை எல்லைக்குள் விடவில்லை. கொள்கைப் பிடிப்பு என்று கைதட்டிவிடாதீர்கள். விட்டன்பர்க்கில் அவருக்கே ஒரு கடை இருந்தது. இயேசு படுத்த தீவனத்தொட்டியின் வைக்கோல், மாதாவின் பால், முள்முடியில் ஒரு முள் என்று 1520 வாக்கில் 19,013 திருப்பண்டங்கள். முறைப்படி தரிசித்துக் காணிக்கை போட்டால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் 19,02,202 ஆண்டுகளும் 270 நாட்களும் தள்ளுபடி. அந்த 270 நாளைக் கணக்கிட்டுச் சேர்த்த நேர்மையைக் கவனியுங்கள்.

விட்டன்பர்க் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் டெட்சலிடம் சீட்டு வாங்கி வந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில், இனி மனம் திருந்த வேண்டிய அவசியமில்லை என்று சீட்டை நீட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் மார்ட்டின் லூதர். 1517 அக்டோபர் 31 அன்று 95 வாதங்களை எழுதி, ஆல்பிரெக்டுக்கே கடிதத்தோடு அனுப்பினார். போப்பாண்டவரால் ஆன்மாக்களை விடுவிக்க முடியும் என்றால் அன்பினால் ஏன் எல்லாரையும் விடுவிக்கவில்லை? கோடீஸ்வரரான அவர் தன் காசில் கோயில் கட்டினால் என்ன? ஜனங்கள் கேட்பதாகச் சொல்லி அவர் எழுப்பிய இந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை யோக்கியமான பதில் இல்லை. பழி டெட்சல் தலையில் விழுந்தது. 1519இல் அவமானத்தோடு செத்தார். ஆல்பிரெக்ட்? 1518இல் கர்தினால் ஆனார்.

ஆக, மோட்சத்தைக் காசுக்கு விற்பது பாவம் என்று தெளிவாகிவிட்டது. குடியானவர்களும் அதை நம்பினார்கள். வேதம் எல்லாருக்கும் ஒன்று என்றால், நாங்கள் ஏன் அடிமை? குடும்பத் தலைவன் செத்த வீட்டில் நல்ல மாட்டைப் பண்ணையார் ஏன் ஓட்டிப்போகிறார்? எங்கள் போதகரை நாங்கள் ஏன் தேர்ந்தெடுக்கக் கூடாது? 1525 மார்ச்சில் மெம்மிங்கனில் பன்னிரண்டு கோரிக்கைகளாக எழுதினார்கள். வேதத்துக்கு விரோதமானது என்று காட்டினால் எதையும் திரும்பப் பெறுகிறோம் என்றும் எழுதினார்கள். அவ்வளவு அப்பாவிகள்.

லூதர் முதலில் இரு தரப்புக்கும் புத்தி சொன்னார். கலகம் பரவியதும் இன்னொரு பிரசுரம் எழுதினார். குத்துங்கள், வெட்டுங்கள், கொல்லுங்கள் என்று பிரபுக்களுக்குச் சொன்னார். இது விசித்திரமான காலம், ஜெபத்தால் கிடைப்பதைவிட இரத்தம் சிந்தி ஒரு பிரபு மோட்சத்தை எளிதாக அடையலாம் என்பது அதன் கருத்து. ஆம், அதே மோட்சம்தான். கில்டருக்கு விற்கக் கூடாது என்று உலகத்தையே புரட்டியவர், எட்டு வருஷத்தில் அதற்குப் புது விலை வைத்தார். இந்த முறை விலை குடியானவன் கழுத்து. மோட்சம் போவதோ வெட்டியவன். மே 15 அன்று பிராங்கன்ஹவுசனில் வெட்டித் தள்ளினார்கள். குடியானவர் போர் முழுவதிலும் செத்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். குடியானவர்களை அடக்கிய சுவாபியக் கூட்டணிப் படைக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் யாக்கோப் ஃபுக்கர். இவருக்குக் கடிவாளம் போட வேண்டும் என்று 1520இல் எழுதியவரும் லூதரே.

கத்தோலிக்கர், சீர்திருத்தக்காரர் என்று ஐரோப்பா இரண்டாக உடைந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். கணக்குப் புத்தகம் உடையவே இல்லை. ஃபுக்கர் அவுக்ஸ்புர்க்கில் ஏழைகளுக்குக் கட்டிய குடியிருப்பு இன்றும் இருக்கிறது. ஆண்டு வாடகை அன்றைய ஒரு கில்டர். இன்றைய கணக்கில் 88 யூரோ சென்ட். கூடவே ஒரு நிபந்தனை: குடியிருப்பவர்கள் ஃபுக்கர் குடும்பத்து ஆன்மாக்களுக்காகத் தினமும் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். டெட்சலின் சீட்டு செல்லாக்காசாகி 500 வருஷம் ஆகிறது. சீட்டுக்கு முதல் போட்டவருக்கு மட்டும் ஏழைகளின் வாயிலிருந்து வட்டி தினமும் போய்க்கொண்டிருக்கிறது.