எல்-1 எண்ணெய்

நெய்வேலியில் எனக்கு எண்ணெயோடுதான் வேலை. அதாவது, எண்ணெய் பில்லோடு. சுரங்கத்தில் மண் வாரும் பக்கெட் வீல் எந்திரங்களுக்கும் அதைச் சுமந்து போகும் கன்வேயர்களுக்கும் கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கிரீஸ் என்று பேரல் பேரலாக வரும். நிதிப் பிரிவில் உட்கார்ந்தபடி இருபத்தெட்டு வருடமாக அந்தப் பேரல்களைக் காகிதத்திலேயே உருட்டியவன் நான். ஒரு சொட்டு கையில் பட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவன் போன வருடம் மெயின் பஜாரில், எஞ்சின் ஆயில் டப்பாக்களின் முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

கார் 2021-ல் வாங்கியது. டீசல். மகள் சென்னையில் இருந்தாள். போக வர நானூறு கிலோமீட்டர், மாதம் இரண்டு தடவை. பெட்ரோலா டீசலா என்று எக்செல்லில் கணக்குப் போட்டு டீசல்தான் என்று மனைவிக்கு நிரூபித்தேன். ஒன்பதே மாதத்தில் மருமகனுக்கு டொரான்டோவில் வேலை கிடைத்தது. எக்செல்லில் டொரான்டோவுக்கு நான் கட்டம் போடவில்லை.

அன்றிலிருந்து காருக்கு உலகம் என்பது டவுன்ஷிப்தான். குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகம் மூன்று கிலோமீட்டர். நெய்வேலிக்காரன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான் என்பதால் நாளைக்கு நாலு நடை. மர நிழலில் அகலமான காலிச் சாலை. எஞ்சின் சூடேறுவதற்குள் இறங்கிப் பூட்டிவிடலாம். இதுவல்லவா சொகுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்தது. தெரிந்த மெக்கானிக், "ஆயில் மட்டும் நீங்க வாங்கிக் குடுத்துடுங்க சார், மாத்திடறேன்" என்றார். எந்த ஆயில் என்று நாலு பேரைக் கேட்டதுதான் நான் செய்த தப்பு. ஊர்ப் பெயரிலேயே நெய்யை வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் பற்றிக் கருத்து இல்லாமல் இருக்குமா?

"15டபிள்யூ-40 ஊத்துங்க சார். லாரியே அதுலதான் ஓடுது" என்றார் மெக்கானிக். எதிர்வீட்டுக்காரர், டபிள்யூ என்றால் வெயிட், எண் கூடக் கூட எண்ணெய் கனம், கனம் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்றார். எடை பார்த்து எண்ணெய் வாங்குவது ரேஷன் கடைப் பழக்கம். அலுவலகத்து இளைஞர் ஒருவர் டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம் என்று திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி. 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்களாம், 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30-ல். பின்னால் வரும் 30, 40 எல்லாம் எஞ்சின் கொதிக்கும்போது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு.

மார்கழியில் பிளஸ் இருபதுக்கே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வாக்கிங் போகிற ஊர் இது. இங்கே எவன் மைனஸ் முப்பதைப் பார்க்கப் போகிறான்? அந்த நிமிடமே 5டபிள்யூவை மனதுக்குள் நிராகரித்தேன். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினுக்கு நம் ஊர்க் காலையும் குளிர்தான், முதல் சில நொடிகளில் எண்ணெய் ஓடிப்போய் டர்போ வரைக்கும் சேர வேண்டும், அதற்குத்தான் முன்னால் சின்ன எண் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

டப்பாவின் பின்பக்கம் இன்னும் மோசம். சிஎச்-4, சிஐ-4, சிகே-4 என்று ஒரு வரிசை. எங்கள் அதிகாரிகளின் இ-1, இ-2 கிரேடு மாதிரி இதுவும் ஏதோ பதவி உயர்வுப் பட்டியல் என்று விட்டுவிட்டேன். கடைக்காரர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

பொதுத்துறையில் காலம் தள்ளியவனுக்கு இந்த இடத்தில் கை தானாக வேலை செய்யும். மனதுக்குள் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரானது. யார் எல்-1? ஆகக் குறைந்த விலை எவனுடையதோ அவனுக்கே ஆர்டர். சிஐ-4, 15டபிள்யூ-40 வீட்டுக்கு வந்தது. டெக்னிக்கல் பிட்டைத் திறக்காமலே பிரைஸ் பிட்டைத் திறந்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஆபீசில் இப்படிச் செய்திருந்தால் விஜிலென்ஸ் வந்திருக்கும்.

நாலாம் மாதம், டேஷ்போர்டில் இதுவரை பார்க்காத ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பானெட்டைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினேன். எண்ணெய் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தால், கூடியிருந்தது! மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரம். துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். அதே உயரம். மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, அட்சய பாத்திரமா?" என்றாள். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. வரவு இல்லாமல் இருப்பு கூடினால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டமல்ல, ஆடிட் அப்ஜெக்‌ஷன்.

நேராக, அனல் மின்நிலையத்தில் பிரெசிபிடேட்டர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரிடம் போனேன். 1962-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் சாம்பலோடு குடித்தனம் நடத்துகிறது. அந்தச் சாம்பல் புகைபோக்கி வழியாக ஊர்மேல் கொட்டாமல் மின்சாரத் தகடுகளில் ஒட்டவைத்துப் பிடிப்பதுதான் அவர் வேலை. குச்சியை வாங்கி முகர்ந்தார். "டீசல் வாடை அடிக்குதேப்பா" என்றார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"பிஎஸ்-6 வண்டி உன்னுது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்தது. புகை போற வழியில ஒரு வடிகட்டி இருக்கு. எங்க பிரெசிபிடேட்டர் மாதிரின்னு வெச்சுக்கோ. நாங்க தகட்டுல சுத்தியால தட்டித் தட்டிச் சாம்பலைக் கீழ இறக்கிடுவோம். உன் வண்டியில தட்டறதுக்கு ஆளும் கிடையாது, கீழ தொட்டியும் கிடையாது. பிடிச்ச கரியை அது தானே கொளுத்திக்கும். அறுநூறு டிகிரி சூடு வேணும். அதுக்காகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலா உள்ள விடும். நீ என்ன பண்றே? பத்த வெச்சு ரெண்டு நிமிஷத்துல ஆபீஸ் வந்துடுச்சுன்னு ஆஃப் பண்ணிடறே. எரியாத டீசல் எங்க போகும்? சிலிண்டர் சுவர் வழியா இறங்கி எண்ணெய்ல கலந்துடும். உன் இருப்பு கூடினது அப்படித்தான்."

"அப்ப எண்ணெய் மேல தப்பில்லையே?" என்று ஆவலாகக் கேட்டேன். எல்-1-ஐக் காப்பாற்றும் அனிச்சைச் செயல்.

"அது தனிக் கேஸ். எந்த எண்ணெய் ஊத்தினே?"

சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"உங்க அம்மா லெக்கோ அடுப்புலதானே சமைச்சாங்க?"

லிக்னைட்டைக் கருக்கி இங்கேயே செய்த அடுப்புக்கரி லெக்கோ. அந்தக் காலத்தில் அது எரியாத வீடு கிடையாது.

"எரிஞ்சு முடிஞ்சதும் அடுப்புல என்ன மிஞ்சும்?"

"சாம்பல்."

"அதை மறுபடி கொளுத்த முடியுமா?"

முடியாது. அம்மா அதை அள்ளிப் பாத்திரம் தேய்ப்பாள்.

"அதேதான். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் எண்ணெய்ல அழுக்கு படியாம இருக்க கால்சியம், தேயாம இருக்க துத்தநாகம்னு சேர்ப்பான். எண்ணெய் துளித்துளியா எரியும்போது அதெல்லாம் சாம்பலா வடிகட்டியில போய் உக்காரும். எத்தனை தடவை கொளுத்தினாலும் போகாது. அதனால இந்த வண்டிக்குன்னு சாம்பல் குறைஞ்ச எண்ணெய் தனியா இருக்கு. சி3-ன்னு போட்டிருந்தா சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீ ஊத்தினது இந்த வடிகட்டி எல்லாம் பரவலா வர்றதுக்கு முன்னாடி, 2002-ல வந்த தரம். அதுக்கு அந்த வரம்பே கிடையாது. விளக்கு எரிஞ்சது உன் ஓட்டத்தால. உன் எண்ணெய் நின்னு கொல்லும்."

தலை குனிந்து காருக்கு வந்து, கையுறைப் பெட்டியில் பிரிக்காத பாலித்தீன் உறைக்குள் இருந்த கையேட்டை எடுத்தேன். 5டபிள்யூ-30, சி3 என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. சாம்பலைப் பிடிப்பதற்கென்றே தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கும் ஊரில் பிறந்து, சாம்பல் பார்த்து எண்ணெய் வாங்கத் தெரியாதவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள். எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சினால் வைத்தியச் செலவு என்று அர்த்தம். ஆயிரம் ரூபாயை வாணியனிடம் மிச்சம் பிடித்த நான், நாலே மாதத்தில் அந்த எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டுச் சரியான எண்ணெயும் புது ஆயில் ஃபில்டரும் போட்டேன். மிச்சம் போன இடம் தெரியவில்லை.

புது எண்ணெய் இரண்டாம் நாளே கறுத்துவிட்டது. பதறிப்போய் நண்பருக்கு போன் செய்தேன். "டீசல் எஞ்சின்ல கறுக்கலைன்னாதான் பயப்படணும். கரியை எங்கயும் படிய விடாம எண்ணெய் தன் மேல வாங்கிக்குது. உன் வீட்டம்மா மாதிரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விளக்குக்கு வைத்தியம் அதைவிட எளிது. வாரம் ஒரு நாள், நிறுத்தாமல், அறுபது எழுபது வேகத்தில் அரை மணி ஓட்டம். மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இந்த டவுன்ஷிப்பை விட்டு ஒரு நாளாவது வெளியில கூட்டிட்டுப் போங்கன்னு நானும் மூணு வருஷமா சொல்றேன். எனக்கு விளக்கு இல்லை, அதான் உங்களுக்குத் தெரியலை" என்றாள்.

அடுத்த ஞாயிறு வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் சில்வர் பீச் வரை போனோம். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் மஞ்சள் விளக்கு அணைந்தது. திரும்பும்போது வடலூரில் இறங்கினோம். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்றும் அணையாமல் எரிகிறது. சாப்பிட்டுவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்கு நாலு தடவை அடுப்பை அணைத்தவனுக்கு அங்கே நிற்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவிதான் சாவியை எடுத்துக்கொண்டு போய் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"என்னங்க, விளக்கு லேசா எரியற மாதிரி இருக்கு."

லேசாக எரியும் விளக்கு எந்தக் காரிலும் கிடையாது. நான் போய்ச் சரிபார்ப்பதில்லை. தணிக்கை செய்யாத கணக்கு ஒன்று வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.