அரை பாயிண்ட் அண்ணன்

எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இவர் இருப்பார். திருவல்லிக்கேணியிலும் உண்டு, சிவகாசியிலும் உண்டு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். அதே கம்ப்யூட்டரின் தலையில் டீ கிளாஸ் உட்கார்ந்திருக்கும், அது வேறு விஷயம். முதலாளி இவரை ஆபரேட்டர் என்பார். விசிட்டிங் கார்டில் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் என்று இருக்கும். உண்மையில் இவர் பார்க்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று தீர்மானிப்பது.

அதனால் இவர் கையில் படாத இலக்கியம் இல்லை. நாவல், கட்டுரை, கண்ணீர் அஞ்சலி, ஜோதிடம், மூலிகை மருத்துவம், முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் இவரைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போயிருக்கின்றன. ஒன்றையும் இவர் படித்ததில்லை. ‘மேட்டர்’ என்பார் எல்லாவற்றையும். மேட்டரில் இரண்டே வகை: ஓவர், ஷார்ட்.

இவருக்கு ஜென்மப் பகை என்று ஒன்று உண்டென்றால் அது ‘ஆட்டோ’. இன்டிசைன் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 12 பாயிண்ட் எழுத்தைப் போட்டால், அது தானாகவே எழுத்தின் அளவில் 120 சதவீதம் கணக்குப் பண்ணி, வரிக்கு வரி 14.4 என்று அடைப்புக்குறிக்குள் காட்டும். அந்த அடைப்புக்குறியைப் பார்த்தால் போதும், சுழல் நாற்காலி மெல்லத் திரும்பும்.

“தம்பி, இது யாரு வெச்ச நம்பர்?”

“அதுவா வந்துச்சுண்ணே.”

“அதுவா வர்றதுக்கு நீ எதுக்கு, நான் எதுக்கு?”

கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கணக்கு ஆங்கில எழுத்தை மனசில் வைத்துப் போட்டது. நம் எழுத்துக்கு மேலேயும் சொத்து, கீழேயும் சொத்து. கி, கீ எல்லாம் தலையில் சுழி வைத்திருக்கும். பு, சு, யு எல்லாம் காலை நீட்டிக்கொண்டு தூங்கும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணை லை, னை போன்றவற்றின் துதிக்கையை எடுத்ததே தவிர, இந்தக் கால்களைத் தொடவில்லை. தொடாததே நல்லது என்பது என் கட்சி. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு பிளக்ஸ் அடிக்கக் கொடுக்கிறவன் நானில்லை.

பிளக்ஸ் என்றதும் காதணி விழா ஞாபகம் வருகிறது. இருபது பேர் பட்டியலோடு வருவார்கள். வேலை முடிகிற நேரத்தில், “ரெண்டு மாமா விட்டுப்போச்சுண்ணே” என்று போன் வரும். பிளக்ஸின் அளவு மாறாது, யார் பெயரையும் சின்னதாகப் போட முடியாது, குழந்தையின் படத்தில் கைவைக்கவே முடியாது. ஆக, குறைக்கக் கூடியது இடைவெளி மட்டும்தான். கோரல்டிரா மென்பொருளில் ஷேப் டூலை எடுத்தால் எழுத்துக்குக் கீழே இடது மூலையில் ஓர் அம்புக்குறி முளைக்கும். அதைப் பிடித்து மேலே தள்ளத் தள்ள, உறவுக்காரர்கள் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் போல ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி வருவார்கள். ஓர் இடத்தில் அம்புக்குறி நின்றுவிடும்.

“மேல சுந்தரம், கீழ கீதா. சுந்தரம் காலு கீதா தலையில படுது பாருங்க. யாருங்க இவங்க ரெண்டு பேரும்?”

“அண்ணி, கொழுந்தன்.”

“அப்ப விடவே கூடாது. கீதாவ ரெண்டு பேர் தள்ளி வெச்சிரட்டுமா?”

“ஐயோ, முறை தப்பிடும்ணே. சண்டை வந்திரும்.”

கொஞ்ச நேரம் திரையையே பார்ப்பார். “அவங்க வீட்டுக்காரர் பேரு?”

“மணி.”

முடிந்தது. கீதா ‘ம. கீதா’ ஆகிவிடுவார். ‘ம’ தலையில் ஒன்றும் இல்லாத சாது எழுத்து. சுந்தரத்தின் கால் அதன்மேல் தாராளமாக நீண்டுகொள்ளலாம். கீ அந்தக் காலிலிருந்து ஒதுங்கிப் பத்திரமாகப் போய் உட்கார்ந்துவிடும். பிறந்ததிலிருந்து இனிஷியல் போட்டுக்கொள்ளாத கீதாவுக்கு அன்றிலிருந்து இனிஷியல் உண்டு.

இவருடைய பெருமை முழுசாகத் தெரிவது புத்தக வேலையில்தான். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக, பாரம் பாரமாக அச்சாகிறது. எழுத்தாளருக்கு இது தெரியாது. அவர் கதையை அது முடிகிற இடத்தில் முடித்திருப்பார்.

“சார், 162 வருது. பத்து பாரத்துக்கு மேல ரெண்டு பக்கம் தொங்குது.”

எழுத்தாளர் முகத்தில் ரத்தம் இருக்காது. எந்த அத்தியாயத்தை வெட்டச் சொல்வார்களோ என்று பிரதியைத் தடவிக்கொண்டு நிற்பார்.

“ஒண்ணையும் எடுக்க வேணாம். ஒரு டீ சாப்ட்டுட்டு வாங்க.”

இனி நடப்பது கணக்கு. பக்கத்தில் எழுத்து நிற்கிற உயரம் 7 அங்குலம். அங்குலத்துக்கு 72 பாயிண்ட் வீதம் 504. வரிக்கு 14 பாயிண்ட் என்று வைத்ததால் பக்கத்துக்கு 36 வரி நிற்கிறது. அதை 13.6 ஆக்கினால் 37 வரி. குறைத்தது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. எந்த வாசகன் கண்ணிலும் படாது. 162 பக்கம் 158-இல் அடங்கிவிடும். மிச்சமுள்ள இரண்டு பக்கத்தில் ‘எங்கள் பிற வெளியீடுகள்’. மென்பொருளில் ஆல்ட்டும் மேல் அம்பும் சேர்த்துத் தட்டினால் ஒரு தட்டுக்கு 2 பாயிண்ட் குறையும்படிதான் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அதை உள்ளே போய் 0.1 ஆக மாற்றி வைத்திருப்பார். “ரெண்டு பாயிண்ட்டெல்லாம் கோடாலி சார், நமக்கு வேணுங்கிறது பிளேடு.” நான்கு தட்டு. கிளாஸில் டீ பாதிகூடக் குறைந்திருக்காது.

பிறகு மதிப்புரை வரும். ‘இறுக்கமான, செறிவான நடை’ என்று எழுதியிருப்பார்கள். எழுத்தாளர் அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்வார். பாராட்டில் எத்தனை பங்கு அந்த 13.6-க்குச் சேரும் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

கவிஞர்களோடு கணக்கு தலைகீழ். அங்கே எப்போதும் மேட்டர் ஷார்ட். பக்கம் கூடினால்தான் விலையைக் கூட்டலாம், ஆகவே பதிப்பாளர் முன்கூட்டியே போனில் சொல்லிவைத்திருப்பார்: “லூஸா விடுங்க.” கவிஞர் வந்து அதையே வேறு மொழியில் சொல்வார்.

“வரிகளுக்கு நடுவில மௌனம் வேணும்.”

“எவ்வளவு மௌனம் சார்? 18 போதுமா, 20 வெக்கவா?”

“ஆழமான மௌனம்.”

“20 வெச்சா ஆறு பாரம் ஆயிடும். பேப்பர் காசு யாருது, உங்களுதா?”

கவிஞர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “18 மௌனம் போதும்” என்பார்.

இவரையே திணற வைக்கிற சங்கதி ஒன்றும் உண்டு. எல்லா வரியும் சீராக இறங்கிவரும்போது நடுவில் ஒரு வரி மட்டும் காரணமில்லாமல் விலகி நிற்கும். அளவைப் பார்த்தால் சரியாக இருக்கும். சொல்லை அழித்துத் திரும்ப அடித்தாலும் அப்படியே நிற்கும். காரணம் இதுதான்: ஒரு வரிக்குள் இருக்கிற எழுத்துகளில் எதற்கு லீடிங், அதாவது வரி இடைவெளி, அதிகமோ அது சொன்னதுதான் அந்த வரிக்குச் சட்டம். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மேட்டரில், இரண்டு சொல்லுக்கு நடுவே 24 பாயிண்ட்டோடு ஒரு வெற்று ஸ்பேஸ் ஒளிந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒன்று முழு வரியையும் தூக்கிப்பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தத் திருடனைப் பிடிக்கிற அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி இவர் செலவு.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “கொஞ்சம் தள்ளுங்க, இன்னும் கொஞ்சம், வேணாம் பழையபடி” என்று ஓட்டுகிற கஸ்டமருக்கும் மருந்து வைத்திருக்கிறார். திரையில் ஜூமை மட்டும் 100-லிருந்து 105 ஆக்குவார். “ஆங், இப்பத்தான் அம்சமா இருக்கு” என்பார் கஸ்டமர். ஃபைலைத் தொடவே இல்லை என்பது இருவரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

வெளியே போனாலும் தொழில் விடாது. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார். கட்டைவிரலை வரிக்கு நடுவே வைத்து, “ஆட்டோவுலயே விட்டுட்டான்” என்று முனகுவார். தஞ்சைப் பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்க, இவர் அடித்தளத்துக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். “பாருங்க, சொல்லுக்குச் சொல்லு இடைவெளி இல்ல, புள்ளியும் காணோம். தலைக்கு மேல கூட்டம் கம்மின்னா லைன் ஸ்பேஸ் எதுக்கு? டைட்டா அடிச்சிருக்கான். கெட்டிக்காரன்.” ராஜராஜன் கொடுத்த தானத்தைப் பற்றி அந்த வரிகளில் என்ன இருந்ததோ, அது இவருக்கு மேட்டர்.

தாய்மாமன் பழைய அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். வரிக்கு வரி ஈயத் தகட்டைக் கையால் செருகி இடம்விட்டவர். “அவரு விட்ட இடத்த எவனும் மாத்த முடியாது, பூட்டிப்புட்டாருன்னா பூட்டினதுதான்” என்று சொல்லும்போது இவர் குரலில் ஏக்கம் தெரியும்.

அப்படிப்பட்டவரிடம் போன மாதம் கடைப் பையன் தன் செல்போனில் ஒரு மின்புத்தகத்தைத் திறந்து காட்டினான். ஓரத்தில் ஒரு பொத்தானைத் தொட்டான். வரிகள் விலகின. இன்னொன்றைத் தொட்டான். நெருங்கின.

“இரு, இரு. இத யாரு மாத்துறா?”

“படிக்கிறவங்கதாண்ணே. அவங்கவங்களுக்குப் பிடிச்ச மாதிரி.”

“எழுதுனவன்கிட்ட கேக்க வேணாம், சரி. என்கிட்ட கூடவா கேக்க வேணாம்?”

பையனிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு டீ கொண்டுபோய் வைத்த பையன், இத்தனை வருஷத்தில் அண்ணன் முதன்முதலாக ஒரு நாவல் படிக்கிறாரே என்ற சந்தோஷத்தில் கேட்டான்.

“கதை எப்படிண்ணே?”

“இன்னும் ஆரம்பிக்கலடா. இப்பத்தான் லைன் ஸ்பேஸ் ஒரு வழிக்கு வந்திருக்கு.”