சைக்கிளுக்கு மூளை வைப்பது எப்படி?

முதலில் ஸ்பீடு சென்சார் வாங்கி ஹப்பில் மாட்டுங்கள். செயலி சக்கரத்தின் சுற்றளவைக் கேட்கும். 700×25 டயருக்கு 2105 மி.மீ.; நீங்கள் 700×28-க்கு உரிய 2136-ஐ அடித்துவிடுங்கள். செங்கல்பட்டில் கிளம்பித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்வதற்குள், மிதிக்காமலே நானூறு மீட்டர் கணக்கில் ஏறியிருக்கும்.

ஹார்ட் ரேட் பெல்ட்டை இணைக்க உகந்த இடம், ஞாயிறு விடியற்காலையில் கோவளம் டீக்கடை வாசல். ஆன்ட் பிளஸ் சென்சார் ஊருக்கே கேட்கும்படி பேசும். கூட்டத்தில் தேடினால் யாருடைய நெஞ்சுத் துடிப்பாவது சிக்கும். வயதில் சின்னவருடையதாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். புளூடூத் கொஞ்சம் கஞ்சன். பல சென்சார்கள் ஒரே நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். வாட்ச் பிடித்துக்கொண்டால் போனுக்குக் கிடையாது.

பவர் மீட்டர் வேண்டவே வேண்டாம். மார்கழியில் மாமல்லபுரம் நோக்கிப் பறந்தீர்களே, அது காலின் வேலையல்ல, முதுகில் தள்ளிய வாடைக்காற்றின் வேலை என்று காட்டிக்கொடுத்துவிடும். திரும்பும்போது அதே வாட் கொடுத்தும் வண்டி ஊரும்.

ஐப்பசி மழைக்கு, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை வீட்டுக்குள் மாட்டி மிதிக்கும் டிரெய்னர். தள்ளுபடி என்றால் யோசிக்காதீர்கள். பின் ஆக்சில் குயிக் ரிலீஸ் 130 மி.மீ.யா, டிஸ்க் பிரேக் வண்டியின் த்ரூ ஆக்சில் 142 மி.மீ.யா என்று அளப்பவர்கள் அற்பர்கள். பெட்டிக்குள் சின்னப் பையில் 1.85 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் இருக்கும். தெர்மகோலோடு குப்பையில் போடுங்கள். 11 ஸ்பீடு ஹப்பில் 8, 9 ஸ்பீடு கேசட் ஆடாமல் இருப்பதற்கான ஸ்பேசர் அது என்பது பிறகு தெரிந்தால் போதும். ஃபேனும் வேண்டாம். நின்ற இடத்தில் மிதிப்பதில் காற்று வராது. வியர்வை ஸ்டெம் போல்ட்டில் சொட்டித் துருவேற்றும். அவ்வளவுதானே!

மிச்சமாகும் ரோடு பைக் டயரைத் தாத்தாவின் ஹெர்குலிஸுக்குப் போடலாம், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிக்கு. இரண்டையும் 28 அங்குலம் என்றுதான் சொல்கிறார்கள். 28×1½ ரிம் 635 மி.மீ., 700சி ரிம் 622 மி.மீ. என்பதை டயர் லீவர் உடைந்ததும் கடைக்காரர் விளக்குவார்.

இதற்கெல்லாம் தைரியம் இல்லாதவர்கள், பின் ஆக்சிலின் அகலம், கேசட்டில் எத்தனை பல்சக்கரம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண் ஆகியவற்றைப் போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போகவும்.