பாசிக்குப் பட்டா உண்டா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வீடு வாங்குபவர் மூன்றைச் சேர்த்தே வாங்குகிறார்: வீடு, முப்பது ஆண்டுக் கடன், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் புல்தரை. முதல் இரண்டையும் பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. மூன்றாவதில் உண்மையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைத் தமிழ் ஆய்வுலகம் இதுகாறும் தீண்டவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் சொல்லாராய்ச்சி. தமிழில் பாசி என்றால் எந்தப் பாசி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குளத்துப் பாசி வேறு, கழுத்தில் போடும் பாசி வேறு, பொங்கலுக்குப் போடும் பாசிப்பருப்பு வேறு. இங்கே ஆராயப்படுவது இவற்றுள் ஒன்றும் அன்று. ஆங்கிலத்தில் மாஸ் எனப்படுவது. கம்பளம் போல மெத்தென்றிருப்பது. அதிகாலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போகிறவரை மல்லாத்துவது. இதற்கு இலை உண்டு, வேர் இல்லை. ஒட்டிக்கொள்ள மட்டும் மயிரிழை போன்ற பற்றுகள் உண்டு. தண்ணீரை உடம்பெல்லாம் குடிக்கும். உலகில் சுமார் 12,000 வகை. ஆண் அணு, நீர்ப்படலத்தில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால் இதன் வம்சம் தழைக்கும். ஆகவே நமக்குச் சளி பிடிக்கும் தூறல், இதற்குக் கல்யாண முகூர்த்தம்.

அடுத்து மழை. சியாட்டில் மழைக்குப் பேர்போன ஊர் என்று உலகம் நம்புகிறது. ஆனால் ஆண்டுக்கு அங்கே பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். சென்னைக்குச் சுமார் 1,400. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டியது மட்டும் 490 மில்லிமீட்டர். சென்னை மழை கந்துவட்டிக்காரர் போல ஒரே நாளில் வந்து மொத்தத்தையும் வசூலித்துப் போகும். சியாட்டில் மழை மாதத் தவணை. ஆண்டில் ஏறக்குறைய 150 நாள் தூறும். அக்டோபரில் பிடித்தால் வசந்தம் முற்றும் வரை தரை காயாது. ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைக்க. வழக்கின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

புல்லின் கதை வேறு. வீட்டுவாசலில் ஒட்ட வெட்டிய பச்சைத் தரை வைத்துக்கொள்வது இங்கிலாந்துப் பிரபுக்களின் பழக்கம். அரிவாளும் ஆட்களும் வேண்டியிருந்த வரை அது அவர்களோடு நின்றது. 1830-இல் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலை எந்திரத்தைப் பார்த்து, புல்வெட்டும் எந்திரத்தைச் செய்தார். துணிக்குச் செய்த சவரம் தரைக்கு வந்தது. அன்று பிடித்த சனி, ஞாயிறு சேர்த்து இன்றுவரை வீட்டுக்காரரை விடவில்லை.

இனி நிலவுரிமை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சியாட்டில் புல்தரைகளில் விதைக்கும் ரை புல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கென்டக்கி புளூகிராஸ் என்ற பெயரில் கென்டக்கி இருக்கிறதே தவிர, அதன் பூர்வீகமும் பெரும்பாலும் அக்கரைதான். போதாக்குறைக்கு இந்த ஈரத்தில் அது நோஞ்சான். வேலியோரம் முள்ளோடு எழும் ‘இமயமலை’ பிளாக்பெர்ரிக்கும் இமயமலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது ஆர்மீனியப் பக்கத்துச் செடி. லூதர் பர்பேங்க் என்ற பயிர்வளர்ப்பாளர் இந்தியாவிலிருந்து வந்த விதை என்று 1885-இல் வாங்கி வளர்த்து, அந்தப் பெயரையும் சூட்டிவிட்டார். இன்று அரசே களை என்று பட்டியலிட்டு வெட்டச் சொல்கிறது. பழுக்கும் மாதத்தில் மட்டும் மக்கள் கிண்ணத்தோடு போய் அதனோடு சமாதானம் செய்துகொள்கிறார்கள். வீட்டுக்காரர் பக்கத்து ஊர்களான ரெட்மண்டிலோ சமாமிஷிலோ குடியிருந்து கணிப்பொறி வேலை பார்க்கும் தமிழராக இருந்தால், அவரும் விசாவில் வந்தவர். ஆக, கைப்பிடி மண்ணுக்கு இத்தனை வந்தேறிகள். நிலத்தில் செடி என்று நிமிர்ந்து நின்று 40 கோடி ஆண்டுகளுக்கு மேலான பாசிக் குலத்தைப் பார்த்து, ஆக்கிரமிப்பு என்கிறார்கள்.

ஆக்கிரமிப்புதானா என்பதே ஆய்வுச் சிக்கல்.

எதிர்த்தரப்பின் வாதம்: பாசி படர்ந்து புல்லைக் கொல்கிறது. இது பிழை. பாசிக்குக் கொலை செய்யும் வேர் கிடையாது. ஜூலையில் மழை நின்றதும், நீரூற்றாத புல் வைக்கோல் நிறமாகித் தூங்கிப்போகும். நலிந்த இடங்களில் செத்தும் போகும். பாசியும் வறண்டு சுருளும், ஆனால் சாகாது; நனைந்ததும் எழுந்து உட்காரும். செப்டம்பர் கடைசியில் முதல் தூறல் விழும்போது புல் இல்லாத வழுக்கையில் அது பாய் விரிக்கிறது. நிழல் விழும் வடக்குப் பக்கம், ஃபிர் மரத்தடி, கால் பட்டு இறுகிய நடை, அமில மண், தண்ணீர் வடியாத பள்ளம், எந்திரம் மழுங்கச் சிரைத்த இடம்: பாசி இருக்கும் இடமெல்லாம் புல் ஏற்கெனவே காலி செய்த மனைகளே. எனவே சட்டப்படி இது ஆக்கிரமிப்பு ஆகாது, புறம்போக்கில் குடியேற்றம் என்பது இவ்வாய்வின் முதல் துணிபு.

தண்ணீர் ஏன் வடியவில்லை? இதற்குக் குழாய்க்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரின்மேல் ஏறத்தாழ 900 மீட்டர் தடிமனில் பனிப்பாளம் கிடந்தது. அது களிமண்ணையும் சரளையையும் சேர்த்து அமுக்கிய அமுக்கில், மேல்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சிமெண்டுத் தளம் போன்ற ஒன்று கிடக்கிறது. மண்வெட்டி ‘ணங்’ என்று சொல்லும் இடம் அது. போதாததற்கு வீடு கட்டுகிறவர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தின்மேல் பாய் போலச் சுருட்டி வந்த புல்லை விரித்துப் போய்விடுவார்கள். பார்வைக்குப் பட்டுப்புடவை, உள்ளே காங்கிரீட்.

பாசி ஒழிப்பு சாத்திரத்தில் மூன்று மதங்கள் உள. முதலாவது சுண்ணாம்பு மதம். அமிலத்தைக் குறைத்தால் பாசி ஓடிவிடும் என்பது அதன் நம்பிக்கை. சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் குறைக்கும், அதனால் புல்லுக்குத் தெம்பு வரும், பாசியைக் கொல்லாது. வெற்றிலை இல்லாத சுண்ணாம்பு அரைக்காரியம். இரண்டாவது சவர்க்கார மதம்: கொழுப்பமில உப்புகளால் ஆன சோப்புக் கரைசலைத் தெளித்துப் பாசியை வெளுத்துக் காயவைப்பது.

மூன்றாவதே பெருவழக்கு. வசந்தம் வந்தால் கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்படும் அந்தப் பாசிக்கொல்லியின் முக்கியச் சரக்கு இரும்பு சல்பேட். நம் நாட்டுமருந்துக் கடைக்காரரைக் கேட்டால் ‘அன்னபேதி’ என்பார். சோகைக்காரருக்குச் சித்த வைத்தியர் செந்தூரமாகக் கொடுப்பது அதே சரக்குதான். சியாட்டிலில் அதை நோயாளிக்குக் கொடுக்காமல் தரைக்குக் கொடுக்கிறார்கள். புல் ரத்தம் ஊறியதுபோல் கரும்பச்சை ஆகிறது, பாசி சில நாளில் கறுத்துப் போகிறது. காலணியில் ஒட்டிச் சிமெண்டு நடைபாதைக்கு வந்துவிட்டால் துருக்கறை, தேய்த்தாலும் போகாது. பாசி வசந்தத்தில் செத்து இலையுதிர் காலத்தில் திரும்பி வரும். கறை நிரந்தரம். செத்த பாசியை வாரி எடுத்து, மண்ணைக் கிளறி, புது விதை போட்டு, மரக்கிளை கழித்து வெயில் விழச் செய்யாவிட்டால் அடுத்த வசந்தத்திலும் அதே மூட்டை, அதே வரிசை. கடைக்காரர் இதில் குறை கண்டதாகத் தரவு இல்லை.

இதற்கிடையே ஒரு முரண். சியாட்டில் துறையிலிருந்து கப்பலேறினால் சுமார் 35 நிமிடத்தில் பெயின்பிரிட்ஜ் தீவு. அங்கே புளோடெல் ரிசர்வ் என்ற தோட்டத்தில் பாசிக்கென்றே ஒரு பகுதி உண்டு. உள்ளே போக நுழைவுச்சீட்டு. ஜப்பானின் கியோட்டோவில் சாய்ஹோ-ஜி என்ற கோயில், நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பாசியால் பேர்பெற்று, 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நினைத்தபோது நுழைய முடியாது, முன்பதிவு வேண்டும். சனிக்கிழமை அன்னபேதி தெளித்த அதே கை, ஞாயிற்றுக்கிழமை தீவில் சீட்டு வாங்கிப் பாசியைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதில் தடையேதும் இல்லை.

தமிழ் வீட்டுக்காரர்பால் தனித்துக் காணப்படும் ஒரு வழக்கையும் பதிவுசெய்தல் தகும். புல்லுக்கு இவர் தரும் மரியாதை ஹெச்.ஓ.ஏ. என்னும் வீட்டுக்காரர் சங்கத்தின் கடிதத்துக்குப் பயந்து. உண்மையான பாசம் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைமேல். இரவில் குளிர் தட்டத் தொடங்கியதும் அது வீட்டுக்குள் வந்து, தெற்கு ஜன்னலில் இடம் பிடித்து, ஒவ்வோர் இலையாக உதிர்த்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கறிவேப்பிலையையும் அந்தப் பக்கம் பாசியையும் பார்த்து, “ஏம்ப்பா, தானா வளர்றதைப் புடுங்கிப்போட்டுட்டு, வளராததுக்கு ஹீட்டர் போடுற?” என்று கேட்பார். முந்தைய ஆய்வுகள் எவற்றிலும் இக்கேள்விக்கு விடை காணப்படவில்லை.

ஜூலையில் கதை தலைகீழ். மழை ஊர்க்காரர் என்று பேர்வாங்கியவர், கோடைக் கட்டணத்தில் குழாய்நீர் வாங்கி, வாரத்துக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, வைக்கோலாகப் போகும் ஐரோப்பியப் புல்லுக்கு ஊற்றுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுவதில்லை; இரண்டு தரையும் அக்டோபரில் ஒரே பச்சைக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பச்சையில் புல் எவ்வளவு, பாசி எவ்வளவு என்று தெருவில் நின்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய இயலாது என்பது கள ஆய்வில் உறுதிப்பட்டது.

கூரைமேல் வளரும் பாசி இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை. துத்தநாகத் தகடு அடித்தால் அதன் சத்து மழையில் கரைந்து பாசியைத் தடுக்கும் என்பதும், அதே சத்து ஓடைக்குப் போனால் மீனுக்கு ஆகாது என்பதும், அழுத்தநீர் பீய்ச்சினால் பாசியோடு கூரைத் தகட்டில் பதித்த மணலும் உரிந்து வரும் என்பதும் கீழே நின்று அறிந்தவை. இரண்டாம் பகுதி, ஏணிப்படி காய்ந்ததும் எழுதப்படும்.