மூத்த கப்பல்களுக்கு ஒரு வாழ்த்து

மூப்புக்கு மரியாதை தருவதில் அமெரிக்கக் கப்பல் துறையை மிஞ்ச ஆளில்லை. போர் மூண்டால் டாங்கிகளையும் வெடிமருந்தையும் கடல் தாண்டிக் கொண்டுசேர்க்க அந்த வல்லரசு கட்டிவைத்திருக்கும் சேமக் கப்பல்களின் சராசரி வயது 40ஐத் தாண்டிவிட்டது. உலகம் எப்போதோ கைவிட்ட நீராவிக் கொதிகலன்கள் அவற்றில் பலவற்றில் நெடுங்காலம் எரிந்தன. 1990இல் வளைகுடாவுக்குப் படை கிளம்பியபோது அவற்றை ஓட்ட ஆள் போதவில்லை. ஓய்வுபெற்று வீட்டிலிருந்த முதியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களை மனதாரக் கும்பிடுகிறேன். இளைஞர்களுக்கு அந்தச் சிரமம் வராமல் பார்த்துக்கொண்ட அரசையும் புகழத்தான் வேண்டும்.

உண்மையை ஒளிக்காத குணமும் உண்டு. 2019 செப்டம்பரில் முன்னறிவிப்பின்றி 33 கப்பல்களை எழுப்பிச் சோதித்தார்கள். மொத்தமுள்ள 61 கப்பல்களில் நம்பிக் கிளப்பக்கூடியவை சுமார் 40 விழுக்காடுதான் என்று தாங்களே எழுதிவைத்தார்கள்.

1942இல் ராபர்ட் பியரி என்ற சரக்குக் கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டி மிதக்கவிட்ட நாடு அது. அந்த அவசரபுத்தி இப்போது அடியோடு போய்விட்டது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே ஓடும் கப்பல் உள்நாட்டிலேயே கட்டியதாக இருக்கவேண்டும் என்கிறது 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம். அங்கே புதுக் கப்பல் கட்ட வெளிநாட்டைப்போலப் பல மடங்கு செலவு. முதலாளிகள் பழையதையே பாசத்தோடு ஓட்டுகிறார்கள்.

நிதானத்தையும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரில் டார்ப்பிடோக்களுக்கு நடுவே சரக்கு சுமந்து ஆயிரக்கணக்கில் மாண்ட வணிக மாலுமிகளின் தோழர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி 1988இல் கிடைத்தது. அதுவும் நீதிமன்றப் படி ஏறிய பிறகு. நன்றியை அத்தனை வருஷம் கெடாமல் பாதுகாத்தவர்கள் வேறு யார்?

எல் ஃபாரோ 1975இல் கட்டிய கப்பல். ஈராக் போரின்போது நார்தர்ன் லைட்ஸ் என்ற பெயரில் படைத் தளவாடம் சுமந்தது. 40 வயதிலும் அதை ஓய்வெடு என்று சொல்லி யாரும் அவமதிக்கவில்லை. 2015 அக்டோபர் 1 அன்று ஹோவாக்கின் புயலில் பஹாமாஸ் அருகே 33 பேரோடு மூழ்கியது. அதிலிருந்தவை மேல்மூடி இல்லாத உயிர்காப்புப் படகுகள். புதுக் கப்பலுக்கு மூடிய படகு கட்டாயம். பழைய கப்பலுக்கு, அதைக் கட்டிய காலத்து விதியே போதும் என்று சட்டம் சலுகை தந்திருந்தது.